கேடயத்தை வீட்டில் எங்கே வைப்பார்?

மூத்த தன்பாலீர்ப்புப் பெண் ஒருவரைப் பாராட்டுவோம் என்று முடிவானதும் நம்மவர்கள் கை முதலில் போவது பொன்னாடைக்கும் நினைவுக் கேடயத்துக்கும்தான். ராமநாதபுரம் கடற்கரையில் இரண்டுமே வினையாகிவிடக்கூடும். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ 65 வயதுப் பெண் ஒருவர் பெயர் பொறித்த கேடயத்தோடு பேருந்தை விட்டு இறங்கினால், வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது கேட்பார்கள்: "என்னக்கா இது, யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தா?" அதற்கு அவர் என்ன சொல்வார்? உள்ளே கொண்டுபோனாலும் மாடத்தில் வைப்பாரா, அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பாரா? கேடயக் கடையில் முன்பணம் கொடுப்பதற்கு முன் அவரிடமே இதைக் கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கரையில் வேலையின் வரிசையே வேறு. யாருக்கு எது தெரியலாம் என்பது முதலில். அடுத்து அவருடைய குரல், படங்கள், கடிதங்கள். அதற்கும் அடுத்து அவருடைய உயில், வங்கி, ஆஸ்பத்திரிக் காகிதங்கள். விழா கடைசி. விழா நடக்காமலே போனாலும் ஒன்றும் குறையவில்லை.

யாரைச் செயற்பாட்டாளர் என்பது

நகரத்துக் கணக்கில் செயற்பாட்டாளர் என்றால் அமைப்பு, அறிக்கை, ஊர்வலம். அந்த வரலாற்றை இளையவர்கள் ஆண்டோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். தில்லியில் 1991இல் கீதி தடானி தொடங்கிய சகி அமைப்பு. மும்பையில் 1995இல் தோன்றி, பின்னர் லேபியா என்று பெயர் மாறிய ஸ்திரீ சங்கம். அதன் தொடக்க காலத்திலிருந்து இருப்பவர்களில் ஒருவர் இயற்பியல் ஆசிரியர் சயனிகா ஷா. தில்லியில் 1997இல் தொலைபேசி உதவியோடு தொடங்கிய சங்கினி. அதை நடத்திய பெட்டு சிங் 2013இல் காலமானார். இரு பெண்களின் காதலைக் காட்டிய 'ஃபயர்' படம் ஓடிய அரங்குகள் 1998 டிசம்பரில் தாக்கப்பட்டபோது, டிசம்பர் 7 அன்று தில்லி ரீகல் அரங்கின் முன் கூடியவர்களிடையே 'இந்தியர், லெஸ்பியன்' என்று எழுதிய அட்டையும் நின்றது. அந்தச் சொல் இந்நாட்டுத் தெருவில் வெளிப்படையாக நின்ற முக்கியமான நாள் அது. 1999 ஜூன் 20 அன்று கொல்கத்தாவில் ஆறு பெண்கள் சாஃபோவைத் தொடங்கினார்கள். 2002இல் கேரளத்தில் சகயாத்ரிகா வந்தது. தொழிற்சங்கத்திலிருந்து வந்த மாயா சர்மா, ஆங்கிலம் பேசாத உழைக்கும் பெண்களின் வாழ்க்கைகளைத் தேடிப்போய் 2006இல் நூலாக்கினார். நம் வேலைக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு எதிர்க்கரையும் ஊர்தான். இலங்கை 1995இல் தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவில் 'ஆண்' என்றிருந்ததை 'நபர்' என்று மாற்றியதால் பெண்களும் குற்றத்துக்குள் வந்தார்கள். ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை 2004இல் நிறுவிய ரோசன்னா ஃபிளேமர் கல்தேரா, ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போனார். பெண்ணும் பெண்ணும் விரும்புவதைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று அந்தக் குழு 2022இல் சொன்னது. தலைமன்னாரில் உறவுக்காரர் உள்ள குடும்பங்களில் இதைச் சொன்னால் தில்லிக் கதையைவிட நன்றாக ஏறும்.

ஆனால் இந்த அளவுகோலைக் கொண்டு மண்டபத்திலும் வேதாளையிலும் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார். இங்கே நடந்த வேலைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஓடிவந்த இரண்டு பெண்களைப் பத்து நாள் தன் வீட்டில் வைத்திருந்தவர், காவல் நிலையத்தில் "எம் புள்ளைக ரெண்டும்" என்று சொல்லிக் கூட்டிவந்தவர், சுயஉதவிக் குழுக் கடனில் ஒருத்திக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தவர் என்று கேட்டால் பெயர்கள் வரும். ஆகவே "நீங்க என்ன போராட்டம் பண்ணீங்க?" என்று கேட்காதீர்கள். "உங்க வீட்டுல யாரெல்லாம் வந்து தங்கியிருக்காங்க?" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1987 இறுதியில் மாலை மாற்றிக்கொண்டு காவல் துறை வேலையை இழந்த போபால் லீலா, ஊர்மிளா இருவரையும் பலர் கொடி பிடித்த தலைவர்களாக எழுதுகிறார்கள். துன்பப்பட்டவர் எல்லாரும் செயற்பாட்டாளர் அல்லர். அப்படிப் பட்டம் கட்டுவதும் அவர்கள் கேட்காத கேடயம்தான்.

எந்தச் சொல்லால் அழைப்பது

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் விளைவாகத் தமிழக அரசு 2022இல் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர், திருநர் போன்றவை அதில் உள்ளவை. அலுவலகக் கடிதத்துக்கு அவை உதவும். 70 வயதுக் கடற்பாசி எடுக்கும் பெண்ணிடம் அவற்றை ஒட்டாதீர்கள். அவர் 'சேக்காளி' என்பார், 'கூட இருந்தவ' என்பார், பெயர் மட்டும் சொல்லிச் சிரிப்பார். எழுத்தில் அதே சொல் இருக்கட்டும். லெஸ்பியன் என்ற சொல்லை அவர் ஏற்காவிட்டால் தலைப்பிலும் போடக் கூடாது.

அமெரிக்காவில் 60 வயது தாண்டிய லெஸ்பியன் பெண்கள் 1989இல் அமைத்த சங்கம், தங்களை மழுப்பாமல் 'வயதானவர்கள்' என்றே அழைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. அதைப் பார்த்து இங்கே யாரையும் கிழவி என்று எழுதிவிட வேண்டாம். தமிழில் 'மூத்த' என்பது மழுப்பல் ஆகாது. அக்கா, பெரியம்மா, ஆத்தா, முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்று அந்தத் தெருவில் எப்படி அழைப்பார்களோ அப்படியே அழையுங்கள்.

ஒலிப்பதிவு

போகும் நாளில் பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது எல்லாரும் ஓய்வாக இருப்பார்கள் என்று நினைத்துப் போகிறார்கள். அந்த 61 நாளும் ஆண்களும் வீட்டில்தான் இருப்பார்கள். வாசலில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதில் விழாமல் எதுவும் பேச முடியாது. விசைப்படகு கடலுக்குப் போன நாளின் மாலை நல்லது. அவர் பாசிக்குப் போகிறவர் என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களை விட்டுவிடுங்கள். அவை வேலை நாட்கள்.

இரண்டு பேர் போனால் போதும். ஒருவர் பேச, ஒருவர் கருவியைப் பார்த்துக்கொள்ள. ஒரு அமர்வு 45 நிமிடம். மூன்று அமர்வுக்குக் குறைந்தால் முழு வாழ்க்கை வராது.

கடற்கரைப் பதிவின் எதிரி காற்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தால் பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும். உள்ளறையில், பாயும் துணி மூட்டையும் உள்ள பக்கம் உட்காருங்கள். துணி எதிரொலியை உறிஞ்சும். மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். விசிறி இல்லாமல் பகலில் ஒரு மூத்தவரை உட்காரவைப்பது கொடுமை, ஆதலால் மாலை ஒத்துவராவிட்டால் காலை 6.30 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடியுங்கள். பிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து வீட்டு மீனைக் கெடுப்பது அடிக்கடி நடப்பது; உங்கள் வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் மறக்காது.

சட்டையில் குத்தும் மைக் ஒன்று, பஞ்சு உறையோடு, வாயிலிருந்து ஒரு சாண் கீழே. கண்ணாடி வளையலும் தாலிக்கயிறும் மைக்கில் உரசும். தொடங்குமுன் அரை நிமிடம் பதிந்து காதில் கேட்டுப் பாருங்கள். போன் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். எம்.பி.3 வேண்டாம், டபிள்யூ.ஏ.வி., 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒற்றை மைக்கில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 எம்.பி. வரும். ஒரு மணிப் பதிவைத் தமிழில் தட்டச்ச ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, வட்டார வழக்கு என்றால் இன்னும் கூடும். அதற்கு ஆள் இல்லாமல் பத்துப் பேரைப் பதிந்து குவிப்பதில் பயனில்லை.

"எப்ப தெரிஞ்சுச்சு?" என்று தொடங்கினால் வாய் மூடிவிடும். முதல் கூலி எவ்வளவு, யாரோடு வேலைக்குப் போனீர்கள், மழைக்காலத்தில் எங்கே படுத்தீர்கள் என்று தொடங்கினால் அந்தப் பெயர் தானாக வரும். வந்ததும் உடனே பாயாதீர்கள். இரண்டாம் அமர்வில் அவரே அதற்குத் திரும்புவார்.

ஒப்புதல் தாளில் மூன்று படி வேண்டும்: சொந்தப் பெயரோடு யாரும் கேட்கலாம், பெயர் மாற்றி எழுத்தாக மட்டும் வெளியிடலாம், அவர் காலத்துக்குப் பின்தான் திறக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்க வேண்டாம், அந்தத் தாளே ஆபத்து. ஒப்புதலைக் குரலிலேயே பதியுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பதிவைப் போட்டுக் காட்டி மறுபடியும் கேளுங்கள். அன்று பேசிய தைரியம் இன்று இல்லாமல் போகலாம். அப்படியானால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்பது பெருநகர நினைப்பு. இங்கே ஊர், தொழில், ஒரு காயத் தழும்பு, மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். ஊரையும் தொழிலையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளாத்தி மீனை வைத்துக் கதை சொன்னால் சாளையாக்குங்கள், அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். குரலை ஊரில் எவரும் கண்டுபிடிப்பார்கள் என்பதால்தான் இரண்டாம் படியில் ஒலி வெளியே போவதில்லை. இறந்துபோன தோழி ஒப்புதல் தர முடியாது. அவர் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருந்தால் அந்தப் பகுதி மூன்றாம் படிக்குப் போக வேண்டும்.

படமும் கடிதமும்

உப்புக்காற்றில் முதலில் சாவது குண்டூசியும் ஸ்டேப்ளரும். துருக்கறை காகிதத்தைத் தின்னும், ஆகவே முதல் வேலை அவற்றை எடுப்பது. இழுக்காமல், கத்தி முனையால் காலை நிமிர்த்தி எடுங்கள். ரப்பர் பேண்டையும் எடுங்கள். 1980, 90களின் ஒட்டும் தாள் ஆல்பங்கள் இரண்டாவது வில்லன். படம் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்கக் கூடாது. பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே அறுப்பதுபோல் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வரும். வராவிட்டால் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் கண்ணாடியோடுதான் ஸ்கேன் செய்ய வேண்டும்.

நம் ஊரில் முக்கியமான காகிதம் என்றால் உடனே லேமினேஷன். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் இழையோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. பாலியெஸ்டர் உறை போதும். படத்தின் பின்னால் பேனா வேண்டாம், 4பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். அதுவும் பெயர் அல்ல, எண். எண்ணுக்கு உரிய பெயர் வேறொரு நோட்டில், வேறொரு வீட்டில்.

ஓலைப்பெட்டி பார்க்க அழகு. பூச்சிக்கும் அது வீடு. மூடி இறுகும் பாலிபுரொப்பிலீன் டப்பா வாங்குங்கள். 20 லிட்டர் டப்பாவுக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் தவிர்க்கவும். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடியும் உழைக்கும்; சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். டப்பாவைக் கடல் பக்கச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்கக் கூடாது. 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இடுப்பு உயரப் பரண்தான் அளவு.

படத்தை 600, காகிதத்தை 300 புள்ளி (டி.பி.ஐ.) அடர்த்தியில், டி.ஐ.எஃப்.எஃப். வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கட்டாயம் கடற்கரைக்கு வெளியே, மதுரை போன்ற இடத்தில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரமும் போகும், ரகசியமும் போகும். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது: மூத்தவர்களின் போன் பெரும்பாலும் அண்ணன் மகனின் கூகுள் கணக்கில் ஓடும். அதில் எடுத்த படம் அடுத்த நிமிடம் அவன் போனிலும் தெரியும். அவருடைய போனில் எதையும் எடுக்காதீர்கள்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நியூயார்க்கில் நல்ல முன்மாதிரி உண்டு. ஜோன் நெசில், டெபோரா ஈடல் முதலானோர் 1974இல் தொடங்கிய லெஸ்பியன் ஆவணக் காப்பகம் பல ஆண்டுகள் நெசிலின் வீட்டிலேயே இருந்தது. 1993இல்தான் புரூக்ளினில் சொந்தக் கட்டடத்தில் திறந்தது. உள்ளே வர ஆராய்ச்சிப் பட்டமோ சிபாரிசுக் கடிதமோ கேட்கமாட்டார்கள். டெக்சாஸின் ஆர்டன் எவர்ஸ்மேயர் சேகரித்த 70 வயது தாண்டியவர்களின் வாழ்க்கைக் கதைகள் ஸ்மித் கல்லூரிக்குப் போயின. பல்கலைக்கழகம் பாதுகாப்பு, வீடு நெருக்கம். இரண்டில் எது என்பது கொடுக்கிறவர் முடிவு.

காகிதமில்லாத உறவுக்குக் காகிதம்

சால்வைக்குச் செலவழிக்கும் காசில் ஒரு வழக்கறிஞரை அரை நாள் உட்காரவைக்கலாம். அதற்கு ஈடான மரியாதை வேறொன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

உயில் எழுதாத இந்துப் பெண்ணின் சொத்து, இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும்; அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் தாய், தகப்பன். 20 வயதில் கட்டிக்கொடுத்து, 22இல் விட்டு வந்து, 40 வருடம் தோழியோடு இருந்தவர் பாசி எடுத்துச் சேர்த்து வாங்கிய மூணு சென்ட், முகம் மறந்துபோன கணவரின் தம்பி மகனுக்குப் போகும். தோழி வரிசையிலேயே இல்லை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சி கட்டாயம், பதிவு விருப்பம். ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. சொத்துப் பெறும் தோழி சாட்சியாக நிற்கக் கூடாது. கீழக்கரை, தொண்டிப் பக்கம் முஸ்லிம் பெண்களுக்கு வேறு கணக்கு: உயிலால் வெளியாளுக்கு மூன்றில் ஒரு பங்குதான் போகும், மீறினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஹிபா, அதாவது தானம், கொடுத்தால் முழுதும் கொடுக்கலாம். பொருளை அப்போதே கைமாற்றியிருக்க வேண்டும் என்பதுதான் அதில் பலர் தவறவிடுவது. தானப் பத்திரம் எழுதினால் குடும்பத்தாருக்கு உள்ள முத்திரைத் தீர்வைச் சலுகை தோழிக்குக் கிடைக்காது.

வங்கியின் நியமனப் படிவத்தில் தோழியின் பெயரை நியமனதாரராக (நாமினியாக) எழுத உறவுமுறை தடையில்லை. கூட்டுக் கணக்கிலும் நியமனத்திலும் கட்டுப்பாடு இல்லை என்று நிதியமைச்சகமே 2024 ஆகஸ்டில் விளக்கிவிட்டது. 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தை வாங்குகிறவர்தான், உடைமையாளர் அல்லர், ஆகையால் உயிலும் அதே பெயரைச் சொல்ல வேண்டும். ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராகச் சேர்ப்பதற்கும் மத்திய அரசு அதே காலத்தில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. விண்ணப்பத்தோடு அந்த அறிவிப்பை அச்சிட்டு இணையுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இரண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்தும் போதும். தன்னால் பேச முடியாதபோது யார் பேசுவது என்று அதில் தோழி பெயரை எழுதலாம். திருமண உரிமையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தரவில்லை. ஆனால் குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பிரதி ஒன்று கோப்பில் இருக்கட்டும். இருவரும் ஒரு குடும்பம் என்று எழுதிக்கொள்ளும் 'குடும்பக் கூட்டுறவுப் பத்திரம்' என்று யாராவது பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தர வந்தால் ஏமாறாதீர்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை யோசனையாகத்தான் சொன்னது.

கூடுகை

எல்லாம் முடிந்தபின் கூடுவதானால் அவர்கள் ஊரில் வேண்டாம், ராமநாதபுரம் டவுனிலோ மதுரையிலோ வையுங்கள். 20, 25 பேருக்கு மேல் வேண்டாம். அழைப்பில் வானவில் வேண்டாம். 'மூத்த பெண்கள் சந்திப்பு' என்றால் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும். கைவைத்த நாற்காலி, மேலைநாட்டுக் கழிப்பறை, படி ஏறாத அறை. பாசிக்குப் போன முழங்கால்கள் தரையில் உட்காராது. போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கிவிடுங்கள். ஆளுக்கு ஏழு நிமிடம் பேச்சு, இளையவர்கள் கேட்கட்டும். ராமநாதபுரத்தில் நான்கு மணிக்கு, மதுரையில் இன்னும் முன்னதாக முடித்தால்தான் இருட்டுக்கு முன் ராமேஸ்வரம் போய்ச் சேரலாம். கையில் கொடுப்பது பெயர் எழுதாத சுங்குடிச் சேலையாகவோ, அளந்து செய்த வாசிப்புக் கண்ணாடியாகவோ, உறையில் பணமாகவோ இருக்கட்டும். எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கடைசியாக, துக்க நாள். இருவரில் ஒருவர் இறந்தால் முதல் மணி நேரத்திலேயே சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். தோழி திண்ணைக்குத் தள்ளப்படுவார், பீரோச் சாவி கைமாறும். உயில், வங்கிப் புத்தகம், மருத்துவக் காகிதம், இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஆகியவற்றின் பிரதிகள் அந்த வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த ஒருவருடைய எண் தோழிக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், போன் எடுபடாத நாள் அது. கூட ஒரு பெண் போய் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். யார் என்று கேட்டால் "அத்தைக்கு வேண்டியவ" என்று சொன்னால் போதும். வாசல் சாவியின் நகல் ஒன்றைத் தோழி இடுப்பில் முடிந்துவைத்திருக்கட்டும்.